சுறா உப்பிட்ட பரல்

நெடுந்தீவார் தண்ணீரை வாயில் வைத்த உடனேயே அது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லிவிடுவார்கள். கலியாணம் முடித்து அங்கே போன புதிதில் நான் இதை நம்பவில்லை. நான் பிறந்த புளியங்கூடலில் எங்கள் வீட்டுக் கிணறும் சவர் தட்டுகிற கிணறுதான். ஆனாலும் தாகத்துக்குக் குடிக்கிற தண்ணீருக்கு இவ்வளவு விசாரணையா என்று எனக்குச் சிரிப்பு வரும். என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள், ஒரு மிடறு குடித்துவிட்டு, "இது மேற்குக் கரைக் கிணத்துத் தண்ணியெல்லே? ஆர் அங்கை போய் அள்ளினது?" என்று கேட்பார். அள்ளி வந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். நல்ல தண்ணீருக்கு அலைகிற ஊரில் நாக்கு அப்படிப் பழகிவிடுகிறது. அந்த நாக்கின் மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கைதான் எங்களை மாட்டிவிட்டது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. பாணுக்கும் சீனிக்கும் சங்கக்கடை வாசலில் வரிசையில் நின்ற காலம். எனக்கு வயிற்றில் முதல் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். என் கணவருக்கு ஒரு வள்ளமும் கொஞ்ச மாடுகளும் இருந்தன. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பிவிட்டால் வள்ளம் கரையிலேயே கிடக்கும். அந்த நாட்களில் விடிந்தும் விடியாததுமாக ஊரில் பாதிப்பேர் கடற்கரையில் நிற்பார்கள். காற்று எதை ஒதுக்கியிருக்கிறது என்று பார்க்கத்தான். மரத்துண்டு, கயிறு, கண்ணாடி மிதப்பு, சோடி இல்லாத செருப்பு. முதலில் கண்டவர் அதன்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டால் அது அவருடையது. வேறு யாரும் தொடமாட்டார்கள். களவு போகாது, சண்டையும் வராது.

அப்படித்தான் என் கணவர் ஒரு பிளாஸ்ரிக் பரலுக்குக் கல் வைத்துவிட்டு வந்தார். வெள்ளையாக இருந்து வெயிலில் மஞ்சளித்த பீப்பாய். இடுப்பளவு உயரம், திருகி மூடுகிற மூடி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். எங்களிடம் அப்போது மண்பானையும் தகரமும்தான் இருந்தன. பானை உடையும், தகரத்தை உப்புக் காற்று தின்றுவிடும். உடையாமல் துருப்பிடிக்காமல் ஒரு பரலைக் கடல் கொண்டுவந்து தந்தால் யார் விடுவார்கள்? எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுக்கத் தெருவில், இருந்த எல்லோரும் வந்து தட்டிப் பார்த்தார்கள். அடியில் ஏதோ எழுத்துக்கள் புடைத்து நின்றன. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை, இங்கிலீசும் இல்லை. உள்ளே அடியில் கொஞ்சம் பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. மருந்து மணம் ஒன்று இருந்தது. நான் வாசற்படியில் இருந்தபடி, "உதுக்குள்ளை என்ன இருந்ததெண்டு தெரியாமல்..." என்று தொடங்கினேன்.

"இவ்வளவு நாளும் கடலுக்கை கிடந்து வந்திருக்கு," என்றார் இவர். "கடல் கழுவாததை நாங்களோ கழுவப் போறம்?"

சொன்னாரே தவிர, கழுவாமல் விடவில்லை. மண் போட்டுத் தேய்த்தார், சாம்பல் போட்டுத் தேய்த்தார், கடல்தண்ணீர் நிரப்பி வைத்து ஊற்றினார், மூடியைக் கழற்றி வெயிலில் கவிழ்த்தார். மணம் போய்விட்டது. கடைசியில் நல்ல தண்ணீர் நிரப்பி ஓர் இரவு வைத்துவிட்டு, காலையில் மச்சாளைக் கூப்பிட்டார். அவர் செம்பில் அள்ளி, வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பக்கத்து வீட்டாரும் குடித்தார்கள். கள்ளு ருசி பார்க்கிறவர்களிடம் கூட அந்தப் பக்குவத்தை நான் கண்டதில்லை.

"ஒண்டுமில்லை," என்றார் மச்சாள். "எங்கடை கிணத்துத் தண்ணி கிணத்துத் தண்ணியாய்த்தான் இருக்கு."

அதே தண்ணீரில் தேத்தண்ணி ஊற்றி எல்லோரும் குடித்தோம். நானும் குடித்தேன். உண்மையில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது, சும்மா பயந்தேனே என்று. அந்த நாக்குகள் தண்ணீரைப் பற்றிச் சொன்னது சரிதான். ஆனால் நாங்கள் அந்தப் பரலில் தண்ணீர் வைக்கவில்லை.

எனக்கு அம்மா இல்லை. தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுவது எங்கள் வழக்கம். எனக்கு அந்த வீடு இல்லாதபடியால், பிள்ளைப்பேறு பார்க்கிற பொறுப்பை மச்சாள் தன் தலையில் எடுத்துக்கொண்டார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு பூனை மட்டும் இருந்தது, சாம்பல் நிறம், அவர் சமைக்கக் குசினியில் இருந்தால் அதுவும் குசினியில், வெளியே இருந்தால் வெளியே. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறா கொடுக்கவேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் என் பிள்ளை பிறக்கப்போவது சோளகத்தில். வள்ளம் போகாத நாளில் சுறாவுக்கு எங்கே போவது? அதனால் கடல் கொஞ்சம் அடங்கியிருந்த நாட்களில் இவர் பால்சுறாவாகப் பார்த்துப் பிடித்துவந்தார். மச்சாள் அதைத் துண்டு போட்டு, உப்புத் தடவி, பரலுக்குள் அடுக்கினார். ஈரலையும் சேர்த்துத்தான் வைத்தார். "ஈரலிலைதான் சத்து. பிள்ளைக்குப் பால் காணும் காணும் எண்டு வரும்," என்றார். மூடி இறுகப் பூட்டியது. ஈ இல்லை, எறும்பு இல்லை. இரண்டு பேரும் பரலைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார்கள்.

மகள் ஆடியில் பிறந்தாள். சுகப்பேறு. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு மிளகும் வேர்க்கொம்புச் சுக்கும் அரைத்த சரக்குக் கறி, புட்டு, சுறா வறை. மச்சாள் பக்கத்தில் இருந்து நான் சாப்பாட்டுக் கோப்பையை வழித்து முடிக்கும்வரை எழும்பமாட்டார். முதல் நாளே எனக்கு மணத்தது.

அந்த மணம் எனக்குத் தெரிந்த மணம். சின்ன வயதில், ஐம்பதுகளின் கடைசியில், மலேரியா மருந்து அடிக்கிற ஆட்கள் புளியங்கூடலுக்கு வருவார்கள். சட்டிபானையை வெளியே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, முதுகில் பம்ப் கட்டிக்கொண்டு வீட்டுச் சுவரெல்லாம் அடிப்பார்கள். சுவர் காய்ந்ததும் வெள்ளையாய்ப் பூத்திருக்கும். மனிதருக்கு ஒன்றும் செய்யாது என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். எங்கள் வீட்டுப் பூனை அந்தச் சுவரில் உரசிவிட்டுத் தன் உடம்பை நக்கும். ஒருமுறை மருந்தடித்த பிறகு அது நடுங்கத் தொடங்கியது. முதலில் காது, பிறகு கால், பிறகு முழு உடம்பும். குளிருதாக்கும் என்று நான் சாக்கு எடுத்துப் போர்த்தினேன். அது செத்துப்போனது. நெடுந்தீவில், என் கோப்பையில், சுறாவுக்கும் அடியில், மிளகுக்கும் அடியில் இருந்தது அந்தச் சுவரின் மணம்.

"மச்சாள், இதிலை மருந்து மணக்குது."

"பிள்ளை பெத்தவையின்ரை மூக்கு உப்பிடித்தான். எல்லாம் மணக்கும். சாப்பிடும்."

இவரிடம் சொன்னேன். ஒரு துண்டை எடுத்து மணந்து பார்த்தார், தின்றும் பார்த்தார். "உப்பும் சுறாவும்தான். நீர் நித்திரையில்லாமல் கிடக்கிறீர், அதுதான்," என்றார். என்னைத் தவிர ஒருவருக்கும் மணக்கவில்லை. ஒரு வீட்டில் எல்லோரும் ஒன்றைச் சொல்ல, ஒருத்தி மட்டும் வேறொன்றைச் சொன்னால், கொஞ்ச நாளில் அந்த ஒருத்திக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிடும். தாயில்லாத எனக்காக ஒரு மனுஷி அடுப்படியில் வெந்துகொண்டிருக்கிறா, அதில் குற்றம் சொல்வதா என்றும் இருந்தது. நான் சாப்பிட்டேன். பால் நன்றாகச் சுரந்தது. மகள் குடித்துக் குடித்துக் கொழுத்தாள். மச்சாளுக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிற போகிற எல்லோருக்கும் பரலைக் காட்டினார்.

பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்து சில நாட்கள் போயிருக்கும். காலையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு குசினி வாசலில் இருந்தேன். பரலில் எடுத்த சுறாவின் தோலும் ஈரல் ஓரமும் எப்போதும் பூனைக்குத்தான். அது சட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. காது துடித்தது. ஈயை விரட்டுகிறது என்று நினைத்தேன். பிறகு ஒரு கால் இழுத்தது. பிறகு எழும்பி என்னிடம் வரப் பார்த்து, சரிந்து, முழு உடம்பும் நடுங்கத் தொடங்கியது.

நான் போட்ட சத்தத்தில் பிள்ளை வீரிட்டது. இவர் மாட்டுப் பட்டியிலிருந்து ஓடிவந்தார். "எலிப்பாஷாணம் திண்டிருக்கும்," என்றார். மச்சாள் வெளியே போய் ஒழுங்கை முழுக்க வீடு வீடாகக் கேட்டுவிட்டு வந்தார். யாரும் பாஷாணம் வைக்கவில்லை. மத்தியானத்துக்குள் பூனை முடிந்தது. மச்சாள் அதைத் தன் பழஞ்சேலைத் துண்டில் சுற்றிப் பனையடியில் புதைத்தார். அழவில்லை. கையைக் கழுவிவிட்டு நேரே பரலடிக்குப் போய் மூடியைத் திருகினார்.

நான் பிள்ளையோடு பின்னால் போனேன். உப்புத் தண்ணீரின் மேலே ஈரல் கொழுப்பு உருகி மஞ்சளாய் மிதந்துகொண்டிருந்தது. வெயில் பட்டதும் மணம் எழும்பியது. இந்த முறை அவருக்கும் மணந்திருக்க வேண்டும், முகம் மாறியது. விரலை அந்தக் கொழுப்பில் தொட்டு வாய்க்குக் கொண்டுபோனார்.

"மச்சாள், வேண்டாம்!" என்று கையை எட்டிப் பிடித்தேன்.

"விடும். நாக்கிலை வைச்சால் எனக்குத் தெரியும்."

"தெரியாது மச்சாள். பூனைக்கும்தானே நாக்கு இருந்தது."

அவர் விரலைக் கல்வேலியில் தேய்த்துத் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை, என் சட்டையைப் பார்த்தார். பால் கசிந்து அது நனைந்திருந்தது. "நீர் இவ்வளவு நாளும் திண்டிட்டீரே," என்றார். அதுவரைக்கும் பூனையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று முழுக்கப் பாலைப் பிழிந்து ஊற்றினேன். பிள்ளைக்கு ஆட்டுப்பால் காய்ச்சித் தண்ணீர் கலந்து பருக்கினோம். தகர ரின்னில் அடைத்த பால்மா அந்த நாளில் கண்ணால் காண்பதே அரிது. மறுநாள் பிள்ளைக்கு வயிற்றால் போனது. கண் உள்ளே விழுந்தது. கடல் மோட்டர் லோஞ்சு ஓடுகிற கடலாய் இல்லை, யாழ்ப்பாணத்துக்குக் கொண்டோடவும் ஏலாது. தூக்கிக்கொண்டு, ஊர் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிற அப்போத்திக்கரி ஐயாவிடம் போனோம். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பூனை செத்ததைச் சொன்னபோது மட்டும் என் கணவரை ஒரு பார்வை பார்த்தார்.

"உமக்கு ஏதும் செய்யுதோ, பிள்ளை? தலைச்சுத்து? வயித்தைப் பிரட்டிச் சத்தி? நடுக்கம்?"

"இல்லை ஐயா."

"அப்ப பிறகென்ன? உந்தச் சுறாவைக் கிடங்கு வெட்டித் தாட்டுப்போட்டுப் பிள்ளைக்குப் பாலைக் குடும். வயித்தாலை போய்த்தான் பிள்ளையள் சாகுதுகள், ஒரு மணத்தாலை இல்லை."

"பாலிலை அது வருமோ ஐயா?"

"எனக்குத் தெரியாது," என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை இருக்கிறது. ஆனால் அந்த நேரம், தெரியும் என்று ஒரு பொய்யைச் சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து பால் கொடுத்தேன். அவள் மூச்சுக்கூட விடாமல் இழுத்துக் குடித்தாள். வேறு வழி இருக்கவில்லை. அப்போதும் தெரியும், இப்போதும் தெரியும். தெரிந்து என்ன? குடித்து முடிந்ததும் அவளுடைய முகவாய் நாடி துடித்தது. கீழ் உதடு நடுங்கியது. "பச்சைப் பிள்ளையளுக்கு நாடி நடுங்கிறதுதானே," என்றார் மச்சாள். உண்மைதான், எல்லாப் பச்சைப் பிள்ளைகளுக்கும் நடுங்கும். ஆனால் நான் இரண்டு பூனைகளைப் பார்த்தவள். பிள்ளையின் நடுக்கத்தையும் பூனையின் நடுக்கத்தையும் பிரித்தறிய எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? அவள் நித்திரையில் கையை உதறினாலும் நான் எழும்பி உட்கார்ந்துவிடுவேன்.

சுறாவை ஊருக்கு வெளியே கற்பாங்கான இடத்தில் ஆழமாய்த் தாட்டோம். பரலை என்ன செய்வது? இவர் கடலில் தள்ளிவிடுகிறேன் என்றார்.

"தள்ளுங்கோ," என்றேன். "எழுவைதீவிலை போய் ஒதுங்கட்டும். அங்கை ஒருத்தர் கல் வைக்கட்டும். அவரின்ரை பெண்சாதிக்கும் பிள்ளை பிறக்கட்டும்."

தாட்டால் கிணறு இருக்கிறது. இந்தத் தீவில் எங்கே தாட்டாலும் நாலு எட்டில் யாரோ ஒருவருடைய கிணறு. எரித்தால் புகை எந்தப் பக்கம் போகும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு பரலைத் தொலைக்க நெடுந்தீவில் இடம் இருக்கவில்லை. கடைசியில் இவர் கோடாலியால் அடியைக் கொத்தி எடுத்துவிட்டு, யாரும் ஒன்றும் வைத்துவிடாதபடி, பின்பக்கத்துக் கல்வேலியோடு சாய்த்துப் போட்டார். வருஷக்கணக்காக அது அங்கேயே கிடந்தது. உக்கவும் இல்லை, சிதையவும் இல்லை. மாடுகூட அதைச் சுற்றித்தான் போகும். காலையில் கதவைத் திறந்தால் அதில்தான் முழிப்பேன்.

மகள் தவழ்ந்தாள், நடந்தாள், பேசினாள். எல்லாம் அந்தந்தக் காலத்தில் நடந்தன. கொஞ்சம் பிந்தியதோ என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். ஒழுங்கையில் உள்ள பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவள் பால்பல் முளைக்கும்போது கூடப் பயந்த ஆள் நான். இவர் முதலில் பகிடி பண்ணுவார், பிறகு கோபப்படுவார், பிறகு விட்டுவிட்டார். மச்சாள் மட்டும் பகிடி பண்ணியதில்லை. பிறகு அவர் பூனை வளர்க்கவும் இல்லை, யார் தந்த தண்ணீருக்கும் ருசி சொல்லவும் இல்லை. செம்பை வாங்கிக் குடித்துவிட்டுப் பேசாமல் வைத்துவிடுவார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் உடைந்து அழுதிருப்பேன். நல்லகாலம், கேட்கவில்லை.

எண்பதுகள் தொடங்கியபோது எனக்கு இரண்டாவதாக ஒரு மகன் பிறந்திருந்தான். சுறா இல்லை. முருங்கையிலையும் உள்ளிப் பூண்டும் தின்றே பால் கொடுத்தேன். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்திலிருந்து மீன்களைப் பற்றிப் படிக்கிற ஒரு பெண்பிள்ளை வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கினாள். கரைக்கு வருகிற சுறாக்களின் ஈரலில் ஒரு துண்டு வெட்டிப் போத்தலில் போட்டுக்கொள்வாள். கரையில் ஒதுங்கிக் கிடக்கிற பிளாஸ்ரிக் துண்டுகளையும் பொறுக்குவாள். ஆட்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளிடம் போனேன். என் கதையைச் சொல்லவில்லை. ஏன் ஈரல் என்று மட்டும் கேட்டேன்.

"பூச்சிமருந்துகள் இருக்கெல்லே அக்கா, அதுகளிலை சிலது தண்ணியிலை கரையாது. கொழுப்பைத் தேடித்தான் போகும். பிளாஸ்ரிக்கிலையும் ஊறிப்போய் இருக்கும். சின்ன மீன் திங்க, அதைப் பெரிய மீன் திங்க, கடைசியிலை சுறாவின்ரை ஈரலிலை வந்து சேர்ந்திடும்."

"தண்ணியிலை கரையாதோ?"

"கரையாதெண்டே சொல்லலாம். தண்ணியைக் குடிச்சுப் பார்த்தால் ஒண்டும் தெரியாது."

நான் மகனை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். "பேந்து அது எப்ப உடம்பை விட்டுப் போகும்?"

"லேசிலை போகாது. ஓங்கிலைப் பாருங்கோ," என்றாள். வள்ளத்துக்கு முன்னால் துள்ளிப் போகிற ஓங்கில்களை, டொல்பின் என்கிறார்களே, அங்கே எல்லாருக்கும் தெரியும். "அது மீனில்லை, குட்டிக்குப் பால் குடுக்கிற சாதி. ஆண் ஓங்கிலிலை அது வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகும். பெண்ணுக்கு மட்டும் ஒரு வழி இருக்கு. பாலோடை குட்டிக்குப் போயிடும். முதல் குட்டிக்குத்தான் கூடுதலாய்ப் போறது. அதோடை தாய் துப்புரவாகியிடும். அடுத்த குட்டிக்கு அவ்வளவாய் இராது."

சொல்லிவிட்டு என் மகனின் கன்னத்தைத் தட்டினாள். "இவர் எத்தினையாவது?"

"ரண்டாவது," என்றேன்.

"அப்ப ஓங்கிலாய்ப் பிறந்திருந்தாலும் தப்பியிருப்பார்," என்று சிரித்தாள். பகிடிக்குத்தான் சொன்னாள், பாவம். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று ஞாபகம் இல்லை. என் உடம்பில் ஒரு வருத்தமும் இல்லாமல், கை நடுக்கம் இல்லாமல், அடுத்ததாக ஒரு கொழுத்த ஆண்பிள்ளையைப் பெற்று, நான் எவ்வளவு சுகமாக இருந்தேன் என்று அப்போதுதான் விளங்கியது. என்னைத் துப்புரவாக்கியது யார் என்றும் விளங்கியது. உதடு நடுங்க நடுங்க, மூச்சு விடாமல், ஒரு சொட்டும் மிச்சம் வைக்காமல் குடித்தவள்.

மகள் மேசைக்கு முன்னால் இருந்து பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். நான் மகனைப் பாயில் விட்டுவிட்டு அவளுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். பென்சில் பிடித்திருந்த அவளுடைய கையைப் பார்த்தேன். எழுத்து நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் எழுதிவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"ஏனம்மா எப்பவும் என்னையே பாக்கிறியள்? தம்பியெல்லோ அழுறான்."

அவன் பாலுக்குத்தான் அழுதுகொண்டிருந்தான். எழும்பிப் போய் அவனைத் தூக்கினேன். பால் கொடுக்கும்போதும் அவளுடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.